சூட்கேசில் வந்த காராமைகள்

1

ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் கடைசியில் அந்தக் கேள்விக்கு வந்துவிடுவார்கள். "அங்க இன்னா வேலைம்மா பண்ற?" முதல் சில வருடங்கள் "கவர்மெண்டு ஆபீஸ்ல" என்று சொல்லி வைத்தேன். முழுப் பொய் இல்லை. மலேசியாவின் கிழக்குக் கரையில் அரசாங்கம் நடத்தும் ஒரு வனவிலங்கு மையம் அது. வாசலில் கொடி பறக்கிறது, வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆனால் நான் அங்கே செய்தது ஆமைக்கு முதுகு தேய்க்கும் வேலை. பல் துலக்கும் பிரஷ்தான் கருவி. காலை ஏழு மணிக்குத் தொட்டித் தண்ணீரை வடிய விட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கி மடியில் வைத்துப் பாசி எடுத்து, எடை போட்டு, நோட்டில் குறித்துவிட்டுத் திரும்ப விட வேண்டும். கடலாமை என்றால் இரண்டு பேர் தூக்க வேண்டும், துடுப்பால் ஓங்கி ஒரு அறை விட்டால் முழங்கை வீங்கிவிடும்.

ஒரு நாள் பெரியம்மா மகள் வீடியோ காலில் இதைப் பார்த்துவிட்டாள். "அய்யய்ய, ஆமையா! ஆமை பூந்த ஊடும் அமீனா பூந்த ஊடும் உருப்படாதும்பாங்க. நீ ஆமை ஊட்லயே பூந்துகினு கீறியே!" என்றாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

இந்த மாதத்தோடு நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என்னைக் கட்டி அழைத்து வந்தவர் இங்கே பிறந்த தமிழர், லாரி ஓட்டியவர். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் சிவப்பு அட்டைதான், அதாவது தங்கலாம், ஆனால் சொந்தம் இல்லை. மகள் ஷாலினிக்குப் பிறந்ததிலிருந்தே நீல அட்டை. ஒரே வீட்டில் இரண்டு நிறம். இருபத்திரண்டு வருடத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஊரில் என்னைப் பற்றி இப்போது ஒரு பேச்சு ஓடுகிறது என்று தெரியும். அதனால் இந்த வருடம் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டுத் திட்டுங்கள்.

2

பிப்ரவரியில் அந்தச் சூட்கேஸ் வந்தது. தலைநகர் விமான நிலையத்தில் பிடிபட்டது. சென்னையிலிருந்து சுற்றுலா விசாவில் வந்த ஒரு ஆள் தள்ளிக்கொண்டு வந்த கறுப்பு சூட்கேஸ். உள்ளே துணிமணிக்குப் பதிலாக ஆண்கள் போடும் காலுறைகள். ஒவ்வொரு காலுறைக்குள்ளும் ஒரு ஆமை, தலையும் காலும் வெளியே நீட்ட முடியாதபடி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று. வழியிலேயே ஏழு செத்துவிட்டன. உயிரோடு இருந்த முப்பத்து நான்கையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி எங்கள் மையத்துக்கு அனுப்பினார்கள்.

எங்கள் மையத்தின் சொந்தக் குடிமக்கள் இரண்டு வகை. ஒன்று கடலாமைகள், வலையில் சிக்கியோ படகு விசிறியில் அடிபட்டோ வருபவை. இன்னொன்று இந்தப் பக்கத்து ஆறுகளின் ஆமைகள். அவை கிட்டத்தட்ட அற்றுப்போய்விட்டன. ஆற்றங்கரையில் முட்டையைத் தேடி எடுத்து, மணலில் பொரிக்க வைத்து, குஞ்சுகளை இரண்டு வருடம் வளர்த்துத் திரும்ப ஆற்றில் விடுகிறோம். வெளிநாட்டு ஆமை வந்தால் தனித் தொட்டி, தனி பக்கெட், தனிச் செருப்பு. அதன் நோய் இவற்றுக்கு ஒட்டிக்கொண்டால் பல வருட உழைப்பு ஒரு வாரத்தில் போய்விடும்.

முதல் காலுறையைக் கத்தரித்தேன். காராமை. கறுத்த ஓடு, முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்பு. எங்கள் ஊர் ஏரியில் வெயில் நேரத்தில் கருங்கல் மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்திருக்குமே, அதே காராமை. இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆமையைத் தேய்த்திருக்கிறேன், ஊர் ஆமை மடிக்கு வந்தது அன்றுதான். சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். தமிழில் பேசிக்கூடப் பார்த்தேன்.

புரட்டி வால் பக்கம் பார்த்தேன். ஓட்டின் கடைசி விளிம்பில், வாலுக்கு நேர் மேலே, மஞ்சளாக இரண்டு பொட்டு, பக்கத்துப் பக்கத்தில். அடுத்த ஆமையிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது.

டாக்டர் சுராயா குனிந்து பார்த்தார். மையத்தின் மருத்துவர், மலாய்க்காரப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர் என்பதால் அவர்கள் மொழியில் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒரு பொட்டை விரலால் தேய்த்து முகர்ந்தார்.

"சமையல் மஞ்சள்தானே அக்கா இது? மோப்ப நாயை ஏமாற்றப் போட்டிருப்பார்களோ?"

"இருக்கும் டாக்டர்" என்றேன்.

அதுதான் முதல் பொய். அந்தப் பொட்டு எதற்கு என்று எனக்குத் தெரியும். யார் வைத்தது என்றும் தெரியும்.

3

எங்கள் ஊர் சென்னைக்கு வடக்கே, ஆரணிக்கும் புதுவாயலுக்கும் நடுவில் இருக்கிறது. ஏரிக்குக் கீழே கழனி, கழனிக்கு இந்தப் பக்கம் வீடு. ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் தண்ணீரோடு ஆமையும் கழனிக்கு வரும். இரண்டு நாளில் தோட்டத்துக் கதவு வழியாக வீட்டுக்குள்ளும் வரும். ஆமை நுழைந்தால் ஆகாது என்று ஊரே தலையில் அடித்துக்கொள்ளும். கழியால் தள்ளுவார்கள், சிலர் கல்லில் அடித்துப் போடுவார்கள்.

எங்கள் பங்காளி வீடுகள் நாலில் மட்டும் வேறு வழக்கம். மஞ்சள் குழைத்து, ஆமையின் வால் பக்கம் கட்டை விரலால் ஒரு இழுப்பு. "எங்க ஊட்டுப் பொண்ணு, போய்ட்டு வா" என்று சொல்லிக் கொண்டுபோய் ஏரியில் விட வேண்டும். நுழைந்தது ஆமையாக இருந்தாலும் போவது வீட்டுப் பெண்ணாகப் போகிறது. பெண் புருஷன் வீட்டுக்குப் போவதால் பிறந்த வீட்டுக்குக் கேடு வராதே! எந்தக் காலத்தில் யார் கண்டுபிடித்த சமாதானமோ தெரியாது, நல்ல சமாதானம். நைனா இருந்தவரை அவர் செய்தார். அவருக்குப் பிறகு தயா செய்தான்.

தயாளன் என் தம்பி, எனக்கு ஆறு வயது இளையவன். என் கல்யாணத்துக்காக நைனா ஏரியடிக் கழனியை விற்றார். அது தயாவுக்கு என்று வைத்திருந்த நிலம். வாங்கியவர் கல் நட்டு மனை போட்டார். தயா ப்ளஸ் டூவோடு நிறுத்திவிட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரஸ் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தான். தகடு அடிக்கிற மெஷின். எட்டாவது மாதம் வலது கைக் கட்டை விரல் அடியோடு போனது. ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள், கட்டுப் பிரித்த பிறகு வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். நான் இங்கே ஷாலினியை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தேன். போனில் அவன்தான் என்னைத் தேற்றினான்.

"ஒரு வெரலுக்கு இன்னாக்கா இப்டி அழுவுற? இன்னும் ஒம்போது கீது."

அன்றிலிருந்து சோறு பிசைவது, திருநீறு பூசுவது, பேனா பிடிப்பது எல்லாமே அவனுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான். கட்டை விரலால் இழுத்தால் கோடு விழும், இவன் வைத்தால் இரண்டு பொட்டு. நான் முதல் தடவை ஊருக்குப் போயிருந்தபோது வீட்டுக்குள் வந்த ஒரு ஆமைக்கு அவன் அப்படி வைத்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காராமையின் வாலில் மஞ்சளால் இரண்டு பொட்டு வைக்கிறவன் இந்த உலகத்தில் ஒருவன்தான்.

4

கடைசியாக ஊருக்குப் போனது இரண்டு வருடத்துக்கு முன்பு. புதுவாயல் கூட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஹிந்தியும் ஒடியாவும்தான் காதில் விழுகிறது. ஷிப்ட் முடிந்த ஆட்கள் டீக்கடையிலும் செல்போன் ரீசார்ஜ் கடையிலும் கூட்டமாக நிற்கிறார்கள். அந்த முகங்கள் எனக்குப் பழக்கமானவை. பிழைக்க வந்த ஊரில் யாரையும் உரசாமல் நிற்கிற முகம், இங்கே என் முகமும் அதுதான்.

தயா வண்டி கொண்டு வந்தான். வீட்டில் இறங்கியதும் நான் "தண்டாஸ் எங்க?" என்று கேட்டுவிட்டேன். கழிப்பறைக்கு இங்கே அதுதான் சொல், வாயோடு ஒட்டிக்கொண்டது. தயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னாக்கா, ஊடு மறந்துட்ட சரி. கக்கூசுமா மறந்து பூட்ச்சு?"

அவன் பெண்டாட்டி சுமதியும் சிரித்தாள். பழவேற்காட்டு இறால் வாங்கித் தொக்கு செய்து வைத்திருந்தாள். எனக்குப் பிடிக்கும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டதும் அவள்தான். அந்த ஒரு வாரத்தில் என்னைப் பாத்திரம் தொட விடவில்லை.

சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனோம். ஒரு பக்கம் முழுக்க மனைக்கல். மிச்ச ஏரியில் தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் கிடந்தது. எங்கிருந்தோ வந்து விழுகிற ஒரு கால்வாய், மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியவில்லை. ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை என்றான் தயா. வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்குப் போனால் சில கேள்விகளைக் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறோம். பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

சூட்கேஸ் வந்த அந்த வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொட்டிகளுக்குப் பின்னால் நின்று அவனுக்குப் போன் போட்டேன்.

"தயா, ஆமை புடிச்சு யாருக்குனா குடுத்தியா?"

"இன்னா ஆமை? யாரு சொன்னது? பேஜாரு பேச்செல்லாம் பேசாதக்கா."

"மஞ்ச வெச்சிருக்கடா. ரெண்டு பொட்டு. என் மடிலதான் கீது."

லாரிச் சத்தத்திலிருந்து அவன் ஒதுங்கி நடப்பது கேட்டது.

"அங்கயா வந்துச்சு?" என்றான். பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. "மெட்ராஸ்ல இருந்து ஒர்த்தன் வந்து வாங்கினு போறான்க்கா. கண்ணாடித் தொட்டில வெச்சு வளப்பாங்களாம். சாவடிக்கறதுக்குல்லாம் இல்ல. ஏரில கெடந்தா மட்டும் இன்னா வாழ்ந்துரும்? தெனம் ஒண்ணு செத்து மெதக்குது. நான் எடுத்ததுதான் உசுரோட கீது."

"மஞ்ச எதுக்குடா வெச்ச?"

"பத்து நாளு ஊட்டுக்குள்ள அண்டால வெச்சிருந்தன்க்கா. புள்ளைங்க பொழங்கற ஊடு. மஞ்ச வெக்காம எப்படி வெளிய அனுப்பறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. சட்டத்துக்குத் தெரியாமல் ஆமை கடத்துகிறவன் தன் விரலைப் பதித்து அனுப்புவானா? எங்கள் வீட்டு ஆள் அனுப்புவான்.

"யக்கா," என்றான். "சொல்லிடுவியா?"

"மாட்டன். ஆனா இதோட வுட்டுரு."

"வுட்டுட்டன்க்கா. நைனா மேல சத்தியமா."

நைனா போய்ப் பல வருடம் ஆகிறது. அவர் மேல் சத்தியம் செய்வதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

5

மூன்று வாரம் கழித்து டாக்டர் சுராயா ஒரு படிவத்தோடு வந்தார். இந்த நாட்டுப் படிவங்களோடு நான் நிறையவே மல்லுக்கட்டியிருக்கிறேன். நீல அட்டைக்கு விண்ணப்பித்தபோது பூர்வீக ஊர் என்ற கட்டத்தில் எங்கள் ஊர்ப் பெயரை எழுதினேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி அதை வாசித்துப் பார்த்துவிட்டு, தானே அடித்து "மெட்ராஸ்" என்று எழுதிக்கொண்டார். விண்ணப்பம் இன்னும் எங்கேயோ கிடக்கிறது.

இந்தப் படிவத்தில் நாடு எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே, எந்த ஊர், எந்த நீர்நிலை என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இந்தியா திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் எங்கே பிடித்தது என்று காட்ட வேண்டும் அக்கா," என்றார் சுராயா. "பிடிபட்ட ஆள் வாயே திறக்கவில்லை. இடம் தெரியாமல் அனுப்ப முடியாது. இங்கே ஆற்றில் விடவும் முடியாது. ஏப்ரலில் கடலாமை முட்டைப் பருவம், தொட்டி வேண்டும். மாதக் கடைசி வரைக்கும்தான் மேலே கேட்டு வாங்கியிருக்கிறேன்."

"அதுக்கப்புறம்?"

அவர் படிவத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்று எனக்கே தெரியும். "நீங்களும் சென்னைப் பக்கம்தானே? உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?" என்றார்.

"சென்னை பெரிய ஊர் டாக்டர்" என்றேன். ஏரியின் பெயரைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், தயாவில்தான் போய் முடியும்.

அந்த வார விடுமுறைக்கு ஷாலினி பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ரசம் தாளிக்கும்போது மஞ்சள் டப்பாவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன், அவள் என்னவென்று கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரிப்போட் பண்ணுங்க மா. சிம்பிள் லா."

"அவன் உன் மாமாடி."

"மாமாதான். ஆனா தப்பு செஞ்சிட்டாரு தானே? முப்பத்தி நாலு உயிரு மா."

"அவனுக்கு வெரலு போனதுக்கு நான் காரணம். என் கல்யாணத்துக்குத்தான் நெலத்த வித்தாங்க."

"அது உங்க ஊர்ல நடந்தது. அதுக்கு இந்த ஆமை என்னா செய்யும்?"

உங்க ஊர் என்றாள். என்றைக்குமே அவள் நம்ம ஊர் என்று சொன்னதில்லை, எனக்கு அன்றுதான் உறைத்தது. தயா அவளுக்குப் பிறந்த நாளைக்குப் போனில் கை காட்டுகிற ஒரு முகம். அவளுக்கு நியாயம் தெரிகிறது, தயாவைத் தெரியவில்லை. இரண்டும் தெரிந்த நான் ரசத்தை இறக்கி வைத்துவிட்டு அவளைக் கண்டபடி திட்டினேன். அவள் மறுநாள் காலை பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

6

மறுவாரம் பிரஷ் எடுத்து முப்பத்து நான்கு ஆமையின் வாலிலும் மஞ்சளைத் தேய்த்துப் போக்கினேன். பாசி எடுப்பதாகத்தான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஓட்டில் ஊறிய மஞ்சள் அவ்வளவு சீக்கிரம் போகாது. சோப்பு போட்டு, எலுமிச்சம்பழம் தேய்த்து, இரண்டு நாள் ஆயிற்று. அவை பாவம், குளிப்பாட்டுகிறேன் என்று கழுத்தை நீட்டிக் கொடுத்தன.

மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. சுராயா மேசையில் வெள்ளைத் துண்டு விரித்தார். நான் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் முதலில் மயக்க ஊசி, பிறகு இன்னொன்று. ஆமை செத்ததா என்று உடனே தெரியாது, அதன் இதயம் லேசில் நிற்காது. அதனால் காத்திருந்து, கருவி வைத்துக் கேட்டு, பிறகு அடுத்தது. காலையில் தொடங்கியது சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்தது. இருவரும் மதியம் சாப்பிடவில்லை. சுராயா இரண்டு தடவை வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

துண்டின் மேல் அவற்றை வரிசையாக வைத்தபோது எனக்குப் பழவேற்காட்டுக் கரை நினைவுக்கு வந்தது. மாசி மகத்துக்கு நைனா எங்களை டிராக்டரில் கடலுக்கு அழைத்துப் போவார். அந்தப் பருவத்தில்தான் பங்குனி ஆமைகள் என்கிற கடலாமைகள் முட்டையிடக் கரைக்கு வரும். வழியில் இழுவை வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தவை கரை நெடுக ஒதுங்கிக் கிடக்கும், கண் பிதுங்கி. "அத்த பாக்காதீங்க, நேரா நடங்க" என்பார் நைனா. நானும் தயாவும் கையைக் கோத்துக்கொண்டு நேராக நடப்போம். அவன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். ஒரு தடவை ஒன்றைக் கடலுக்குள் தள்ளிவிடப் போய் அடி வாங்கினான்.

படிவத்தின் அந்தக் கட்டத்தில் சுராயா "தெரியவில்லை" என்று எழுதினார். பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

7

ஜூன் மாதம் இன்னொரு சூட்கேஸ் வந்தது. அதே மாதிரி காலுறைகள், அதே மாதிரி முடிச்சு. இருபத்தாறு காராமை, இந்த முறை வழியில் எதுவும் சாகவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். எதன் வாலிலும் எதுவும் இல்லை, சுத்தமாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. வேறு யாரோ, வேறு எந்த ஊரோ என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மதியம் போன் போட்டேன்.

"தயா, மறுபடியும் அனுப்ச்சியா?"

"இந்தத் தபா மஞ்ச வெக்கலயேக்கா. எப்டிக் கண்டுபுட்ச்ச?"

"அடப்பாவி" என்றேன்.

"ஊட்டுக்குள்ளயே கொண்டாரல," என்றான், ஏதோ நான் அதற்குத்தான் கோபப்படுகிறேன் என்பதைப் போல. "குடோன்லயே வெச்சிருந்தன். அதனால மஞ்ச தேவப்படல."

"சத்தியம் பண்ணியேடா."

"பண்ணன். பெரியவ காலேஜி சேரணும்னு கீறா, டப்புக்கு எங்க போறது? அதுவும் நீதான கீற அங்க. எதுனா ஆனாலும் எங்கக்கா வெளிய வுடாதுன்னு ஒரு தெகிரியம்." அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு கேட்டான். "மொத வந்துச்சே, அதுங்கல்லாம் நல்லா வளருதா?"

நான் அவனிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. "ஊசி போட்டுட்டாங்க தயா. முப்பத்தி நாலும். ஊரு தெரியலன்னா அனுப்ப முடியாதாம்."

லாரிச் சத்தம் கேட்டது. யாரோ ஹிந்தியில் அவனைக் கூப்பிட்டார்கள்.

"இதுங்கள இன்னா பண்ணுவாங்க?"

"அதேதான்."

"கேட்ட தொறக்கணும்க்கா, வண்டி வந்துருச்சு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

இருபத்தாறும் தொட்டியின் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. முதல் தடவை நான் வாயை மூடிக்கொண்டது அவனைக் காப்பாற்ற என்று நினைத்திருந்தேன். அது அவனுக்குத் தொழில் தைரியமாகப் போயிருக்கிறது. என் வாய் மூடியே இருக்கும் என்ற நம்பிக்கையில் இன்னும் எத்தனை சூட்கேஸ் வரும்? அத்தனைக்கும் துண்டு விரித்து, நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். என்னால் முடியாது. இதில் பெரிய தர்மம் எதுவும் இல்லை. இன்னொரு தடவை அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்க என் கைக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

8

சுராயாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். ஏரியின் பெயர், ஊர், தம்பி, மஞ்சள், எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த முப்பத்து நாலும் எந்த ஊர் என்று உங்களுக்கு அன்றைக்கே தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "நீங்கள்தான் ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தீர்கள்" என்றார்.

அதன் பிறகு இன்றுவரை அவர் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. திருமதி அமுதா என்கிறார். மரியாதையில் குறை இல்லை.

அதிகாரிகள் வந்து வாக்குமூலம் வாங்கினார்கள். குற்றம் செய்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். தம்பி என்று எழுதினேன். மஞ்சள் இல்லாத இந்த இருபத்தாறும் அதே ஏரி என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அவனே சொன்னான் என்றேன். போனில் பேசிய நாளையும் நேரத்தையும் எடுத்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். உண்மையை மறைத்ததற்கு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. வேலை போகவில்லை, ஆனால் தொட்டிப் பக்கம் போகக் கூடாது. இப்போது கடலாமை முட்டை புதைக்கிற மணலைச் சலிக்கிறேன். ஷாலினிக்குப் போனில் சொன்னேன். "யூ டிட் தி ரைட் திங், மா" என்றாள். அவள் அதைத் தமிழில் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், நல்ல வேளை.

தயாவைப் புதுவாயலில் டீக்கடையில் வைத்துப் பிடித்தார்களாம். கூட இருந்து ஓட முயன்ற அந்த மெட்ராஸ் ஆளும் மாட்டினான். தயா ஓடவில்லை என்று பெரியம்மா மகள் சொன்னாள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றானாம். புழல் ஜெயிலில் இருக்கிறான். ஜாமீன் இரண்டு தடவை தள்ளுபடி ஆகிவிட்டது. வக்கீல் செலவுக்கு நான் அனுப்பியதை சுமதி திருப்பி அனுப்பிவிட்டாள்.

போன வாரம் இருபத்தாறு ஆமைக்கும் இந்தியா அனுமதி கொடுத்து, பெட்டியில் வைத்து விமானம் ஏற்றினார்கள். எங்கள் ஏரித் தண்ணீரைச் சோதித்துவிட்டு அது லாயக்கில்லை என்று வேறு ஒரு ஏரியில் விட்டார்களாம். எனக்குப் பதிலாக ஆமை தேய்க்கப் போன ஒருத்தன் சொல்லித்தான் அவை கிளம்பியதே எனக்குத் தெரியும்.

நேற்று சுமதி கூப்பிட்டாள். ஜூனுக்குப் பிறகு அவளாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"ஆமைங்கல்லாம் வந்து சேந்துச்சாம் அண்ணி. டிவில காட்னாங்க. ஆபீசருங்க கையால எறக்கி வுட்டாங்க, எல்லாரும் கை தட்னாங்க."

"ம்" என்றேன்.

"அவர பாக்க புழலுக்குப் போயிருந்தன். உங்க மேல அவருக்குக் கோவம் இல்லயாம். அக்காகிட்ட சொல்லிடுன்னாரு, அதுக்குத்தான் போன் பண்ணன்."

"சுமதி…"

"அவருக்கு இல்ல. எனக்குக் கீது. நீங்க இனிமே இங்க வராதீங்க அண்ணி."

"சரிம்மா" என்றேன். அவள்தான் முதலில் வைத்தாள்.